95 பேர், 89 தொகுதிகள்: ஒரு மாணவி கேட்ட கணக்கு

போன வாரம் 11ஆம் தரத்தில் வரலாறு பாடம். சோல்பரி அரசியல் யாப்பு. வழமையான அட்டவணையைக் கரும்பலகையில் எழுதினோம். பாராளுமன்றத்தில் இரண்டு சபை. மேற்சபைக்குப் பெயர் செனற், 30 பேர். கீழ்ச்சபைக்குப் பெயர் பிரதிநிதிகள் சபை, 101 பேர். அதில் மக்கள் தெரிவு செய்தவர்கள் 95, மகாதேசாதிபதி நியமித்தவர்கள் 6. தேர்தல் தொகுதிகள் 89.

பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

"சேர், கணக்குப் பிழைக்குது. தொகுதி 89 என்டா எம்பிமார் எப்படி 95 பேர் வருவாங்க? நியமிச்ச ஆறு பேரைத்தான் தனியா எழுதிட்டீங்களே."

உண்மையைச் சொன்னால், இந்தக் கேள்வி நமக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாடசாலையில் மனனம் செய்தோம். ஆசிரியர் கலாசாலையிலும் மனனம் செய்தோம். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினோம். 95ஐயும் 89ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய கை ஒருநாளும் கழித்துப் பார்க்கவில்லை.

கழித்தால் மிச்சம் 6. நியமன உறுப்பினர்களும் 6 பேர் என்பதால் பலர் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். இது வேறு ஆறு. சிறிய சமூகங்கள் எப்படிப் பாராளுமன்றத்துக்குள் போகின்றன, எப்படி வெளியே தள்ளப்படுகின்றன என்ற கதை இந்த ஆறிலிருந்துதான் தொடங்குகிறது. பதிவு நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

பிரித்தானியர் காலத்துச் சட்டசபையில் முஸ்லிம்களுக்கென முதன்முதலாக ஒருவர் நியமிக்கப்பட்டது 1889இல். எம்.சி. அப்துல் ரஹ்மான் அவர்கள். 1924ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் முஸ்லிம்களுக்கு மூன்று இனவாரி ஆசனங்கள் கிடைத்தன. பிறகு டொனமூர் ஆணைக்குழு வந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவம் நாட்டைப் பிரிக்கிறது என்று சொல்லி அதை ஒழித்தது. அதேநேரம் 21 வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைக்க வழி செய்தது. ஆசியாவிலேயே முன்னோடியான ஏற்பாடு அது. 1931இல் அரசாங்க சபைக்கு 50 தொகுதிகளில் இருந்து உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் முறை வந்தது.

பலன் என்ன? நமது பாட்டன்மாரும் பாட்டிமாரும் வாக்குச் சாவடிக்குப் போனார்கள். ஆனால் 1931இல் வாக்கினால் தெரிவான முஸ்லிம் ஒரே ஒருவர், மட்டக்களப்பு தெற்கில் வென்ற எச்.எம். மாக்கான் மாக்கார். 1936 பொதுத் தேர்தலில் அந்த ஒருவரும் இல்லை. டி.பி. ஜாயாவும் ராசிக் பரீதும் நியமனத்தின் மூலமே சபைக்கு வந்தார்கள். சனத்தொகையில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் இருந்த ஒரு சமூகத்துக்கு 50இல் ஒன்றும் கிடைக்கவில்லை.

யாரும் வாக்குரிமையைப் பறிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் இல்லை. நாடு முழுவதும் சிதறி வாழ்பவர்கள் எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை இல்லை. அவ்வளவுதான் காரணம். வாக்கு இருப்பது ஒன்று, அந்த வாக்கு ஆசனமாக மாறுவது இன்னொன்று. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு சோல்பரிக்கு வருவோம்.

1944 டிசம்பரில் சோல்பரி பிரபுவும் இன்னும் இரண்டு ஆணையாளர்களும் இலங்கைக்கு வந்தார்கள். ஜி.ஜி. பொன்னம்பலம் அவர்கள் முன் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை வைத்தார். ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. இனவாரி ஆசனத்தையும் திரும்பக் கொண்டுவரவில்லை. எதை எடுத்துக்கொண்டது என்று பார்த்தால், தேசப்படத்தை.

முதலாவது, ஒவ்வொரு மாகாணத்திலும் 75,000 பேருக்கு ஓர் ஆசனம். இரண்டாவது, ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் இன்னோர் ஆசனம். சனத்தொகைக்கு 70, நிலப்பரப்புக்கு 25, மொத்தம் 95. சனம் ஐதாக வாழும் மாகாணங்களுக்கு இந்த இரண்டாவது விதி பெரிய உதவி. கிழக்கு மாகாணத்தைப் பாருங்கள். ஆட்களை எண்ணினால் 3 ஆசனம்தான். நிலத்தை அளந்ததால் இன்னும் 4 சேர்ந்து 7 ஆனது. கிழக்கில் காடும் வயலும் குளமும் சேர்ந்து நமக்காக வாக்களித்தன என்று பிள்ளைகளிடம் சொன்னோம். சிரித்தார்கள். ஆனால் விளங்கிக்கொண்டார்கள்.

மூன்றாவதுதான் அந்த மாணவியின் கேள்விக்கு விடை. இனத்தாலோ மதத்தாலோ வேறு விதத்தாலோ பொது நலனால் ஒன்றுபட்ட ஒரு கூட்டத்தினர் ஓரிடத்தில் கணிசமாக வாழ்ந்து, மாகாணத்தின் பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டிருந்தால், அவர்களுக்கும் பிரதிநிதித்துவம் கிடைக்கும்படி எல்லை நிர்ணய ஆணைக்குழு தொகுதிகளைப் பிரிக்கலாம். தேவையானால் ஒரே தொகுதிக்கு இரண்டு, மூன்று உறுப்பினர்களையும் வைக்கலாம். இதற்குப் பெயர் பல அங்கத்தவர் தொகுதி.

1947இல் 84 தொகுதிகள் தனி அங்கத்தவர் தொகுதிகள். கடுகண்ணாவ, பதுளை, பலாங்கொடை, அம்பலாங்கொடை-பலப்பிட்டிய ஆகிய நான்கும் இரட்டை அங்கத்தவர் தொகுதிகள். கொழும்பு மத்தி மூன்று அங்கத்தவர் தொகுதி. 84, 8, 3. கூட்டினால் 95. தொகுதிகளை எண்ணினால் 89. கணக்கு சரி.

"அப்ப ஒரே இடத்தில் மூன்று பேரைப் போட்டா பெரிய கூட்டம் மூன்றையும் எடுத்துடுமே சேர்?" என்று அதே மாணவி கேட்டாள்.

அதற்கு வாயால் விடை சொல்லவில்லை. வகுப்பிலேயே ஒரு தேர்தல் வைத்தோம்.

வகுப்பில் 40 பேர். விளையாட்டுக் குழுவுக்கு மூன்று உறுப்பினர்கள் வேண்டும். கேட்டுப் பார்த்ததில் 29 பேர் கிரிக்கெட் பக்கம், 11 பேர் கரப்பந்துப் பக்கம். முதல் சுற்றில் மூன்று வரிசைகளையும் மூன்று தனித் தொகுதிகளாக வைத்தோம். 13 பேர், 13 பேர், 14 பேர். கரப்பந்துக்காரர்கள் 4, 4, 3 எனச் சிதறி இருந்தார்கள். மூன்று தொகுதியிலும் கிரிக்கெட் வென்றது. 11 பேருக்கும் ஒன்றும் இல்லை.

இரண்டாம் சுற்றில் முழு வகுப்பும் ஒரே தொகுதி. ஆளுக்கு மூன்று வாக்கு. மூன்றையும் மூவருக்குப் பிரித்துக் கொடுக்கலாம், ஒருவருக்கே மூன்றையும் கொடுக்கவும் செய்யலாம். அன்றைய இலங்கைச் சட்டமும் இப்படித்தான் இருந்தது. எத்தனை ஆசனமோ அத்தனை வாக்கு, விரும்பினால் எல்லாப் புள்ளடியும் ஒருவருக்கே. கரப்பந்துக்காரர்கள் தங்கள் 33 வாக்குகளையும் ஒரே பிள்ளைக்குப் போட்டார்கள். கிரிக்கெட்காரர்களிடம் 87 வாக்கு இருந்தது. மூன்று பேருக்குச் சமமாகப் பிரித்தாலும் ஆளுக்கு 29தான். 33 வாங்கிய கரப்பந்துப் பிள்ளை முதலிடம்! நாற்பதில் பதினொருவருக்கு ஓர் ஆசனம் உறுதியானது. பெரிய கூட்டத்துக்கும் அநியாயம் நடக்கவில்லை. அவர்களுக்கு இரண்டு கிடைத்தது.

மூன்றாம் சுற்றில் கரப்பந்துப் பக்கத்தில் இன்னொரு பிள்ளையும் "நானும் கேட்கிறேன்" என்று எழும்பினான். 33 வாக்கு 17, 16 எனப் பிரிந்தது. இரண்டு பேரும் தோற்றார்கள். அந்த 11 பேரின் முகத்தையும் பார்க்க வேண்டுமே! நமது ஊர்த் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்றாம் சுற்றை விளக்கத் தேவையில்லை.

சரி, 1947இல் உண்மையில் என்ன நடந்தது?

அந்தத் தேர்தல் ஒரே நாளில் முடியவில்லை. ஆகஸ்ட் 23 தொடங்கி செப்டம்பர் 20 வரை வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு தொகுதிகளுக்கு நடந்தது. முழு நாடும் ஒரே நாளில் வாக்களித்தது 1960 மார்ச்சில்தான் முதல்முறை. 1931இலும் 1936இலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தார்கள். 1947இல் நிறத்துக்குப் பதிலாகச் சின்னம் வந்தது. எழுத வாசிக்கத் தெரியாத வாக்காளரையும் மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு.

ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42 ஆசனங்கள். அறுதிப் பெரும்பான்மை இல்லை. சுயேச்சைகள் மட்டும் 21 பேர். டி.எஸ். சேனாநாயக்க சிலரைச் சேர்த்துக்கொண்டு முதல் பிரதமரானார்.

கொழும்பு மத்தியில் தெரிவான மூவரையும் பாருங்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன், ஒரு பறங்கியர். தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்க, ஒரு சிங்களவர். கொழும்பு ஸாஹிறாவின் முன்னாள் அதிபர் டி.பி. ஜாயா, ஒரு மலாய் முஸ்லிம். ஒரே தொகுதி, மூன்று சமூகம், மூன்று கட்சி. தனித் தொகுதியாக இருந்தால் மூவரில் ஒருவர்தான் உள்ளே போயிருப்பார். பிற்காலத்தில் சேர் ராசிக் பரீத், பளீல் கபூர் போன்றவர்களும் இதே வாசலால்தான் சபைக்குள் போனார்கள்.

கிழக்கின் 7 ஆசனங்களில் நான்கில் முஸ்லிம்கள் வென்றார்கள். கல்முனையில் எம்.எஸ். காரியப்பர், பொத்துவிலில் எம்.எம். இப்ராஹீம், மட்டக்களப்பில் அகமது லெப்பை சின்னலெப்பை, மூதூரில் ஏ.ஆர்.ஏ.எம். அபூபக்கர். புத்தளத்தில் எச்.எஸ். இஸ்மாயில். ஜாயாவுடன் சேர்த்து ஆறு பேர். 1936இல் வாக்கினால் ஒருவரும் இல்லை, 1947இல் ஆறு. இடையில் நமது சனத்தொகை அப்படிக் கூடிவிடவில்லை. கோடு கீறிய விதம் மாறியது.

இதுவரை வாசித்ததும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். இனிச் சொல்லப்போவது அப்படி இருக்காது.

அதே தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் வாக்களித்தார்கள். நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை என இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளர்கள் பலர் வென்றார்கள். தோட்டத்து வாக்கு வேறு தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களுக்கும் கைகொடுத்தது. அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை.

சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். அதே வருடம் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசைகள் மட்டுமே வாக்களிக்கலாம் என்று. மூன்று சட்டமும் பிரதிநிதிகள் சபையில் கைதூக்கி நிறைவேற்றப்பட்டவை. 1952 தேர்தல் வந்தபோது மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. ஒரு மலையகப் பிரதிநிதிகூட வெல்லவில்லை.

எந்தச் சமூகத்தையும் பாகுபடுத்திச் சட்டம் இயற்றக்கூடாது என்று சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சொன்னதே என்று கேட்பீர்கள். கேட்டார்கள். கொடக்கன் பிள்ளை வழக்கு லண்டன் பிரிவுக் கவுன்சில் வரை போனது. 1953இல் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது.

இன்னொரு விடயம். தொகுதிகளைப் பிரிக்க 75,000 பேருக்கு ஒன்று என்று எண்ணியபோது அங்கு வாழ்ந்த எல்லோரையும் எண்ணினார்கள், பிரசையா இல்லையா என்று பார்க்கவில்லை. ஆகவே வாக்கில்லாத தோட்ட மக்களின் தலைகளும் மத்திய, ஊவா மாகாணங்களுக்கு ஆசனம் சேர்த்துக் கொடுத்தன. அந்த ஆசனங்களில் யார் அமர்வது என்பதை அவர்களுக்கு வெளியே இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். ஆளை எண்ணினார்கள், அவனுடைய வாக்கை எண்ணவில்லை. ஒரு தேர்தல் முறையில் இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

அப்போது நமது பிரதிநிதிகள் எங்கே இருந்தார்கள்? ஜாயா அவர்கள் அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தார். 1945இல் சோல்பரி யோசனைகளை அரசாங்க சபை 51க்கு 3 என ஏற்றபோது பேரம் பேசாமல் ஆதரித்த பெருந்தகை. ஸாஹிறாவைக் கட்டி எழுப்பியவர். அவரை மதிக்காமல் நமது கல்வி வரலாற்றை எழுத முடியாது. ஆனால் அதே அமைச்சரவையில் இருந்த சி. சுந்தரலிங்கம் 1948 இறுதியில் இந்த விடயத்தில் முரண்பட்டு வெளியேறினார். நமது பக்கத்தில் இருந்து அப்படி ஒருவர் வெளியேறவில்லை. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே "பாகிஸ்தானிய" என்றும் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்து இங்கு வியாபாரம் செய்த முஸ்லிம்களும் அதன் கீழ்தான் வந்தார்கள்.

இதைச் சொல்வது முன்னோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அல்ல. நமக்கு ஆறு ஆசனம் கொடுத்த அதே சபை, பக்கத்து வீட்டுக்காரனின் ஆசனங்களை எல்லாம் எடுத்துக்கொண்டது. நமக்குக் கிடைத்ததை மட்டும் எண்ணிப் படிப்பித்தால் அது பாதி வரலாறு. பிள்ளைகளுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு முழுப் புள்ளி எதிர்பார்க்க முடியாது.

மலையக மக்கள் வாக்கினால் மீண்டும் ஓர் உறுப்பினரைப் பெற 1977 வரை காத்திருந்தார்கள். அதற்கிடையில் 1960இலும் 1965இலும் தொண்டமான் நியமன உறுப்பினராகவே வந்தார். 1977இல் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியில் காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க, தொண்டமான் மூவரும் தெரிவானார்கள். அதுவும் மூன்று அங்கத்தவர் தொகுதிதான். கொழும்பு மத்தியில் ஜாயாவுக்குத் திறந்த அதே வகைக் கதவு, முப்பது வருடம் கழித்து அவர்களுக்குத் திறந்தது.

திரும்பவும் 1950களுக்கு வருவோம். 1956 தேர்தலில் தமிழரசுக் கட்சி 10 ஆசனங்களை வென்றது. அதில் இருவர் முஸ்லிம்கள், கல்முனையில் காரியப்பர், பொத்துவிலில் எம்.எம். முஸ்தபா. மொழிப் பிரச்சினை எரிந்த காலம். அந்த வருடம் ஜூனில் சிங்களம் மட்டும் சட்டமூலம் 56க்கு 29 என நிறைவேறியபோது சபாநாயகர் ஆசனத்தில் இருந்தவர் புத்தளத்தின் எச்.எஸ். இஸ்மாயில், நாட்டின் முதல் முஸ்லிம் சபாநாயகர். தமிழரசுக் கட்சியில் வென்ற இருவரும் பின்னர் அரசாங்கப் பக்கம் போனார்கள். முஸ்தபா 1959இல் தகநாயக்கவின் அமைச்சரவையில் நிதியமைச்சரும் ஆனார். இதைத் துரோகம் என்பார்கள் ஒரு சாரார், சாணக்கியம் என்பார்கள் இன்னொரு சாரார். வாக்களித்த மக்களிடம் திரும்பிப் போய்க் கேட்டார்களா என்பதுதான் நமது கேள்வி.

1959இல் எல்லைகள் மீண்டும் கீறப்பட்டன. தெரிவாகும் உறுப்பினர்கள் 151 ஆனார்கள், தொகுதிகள் 145. கொழும்பு மத்தி மூன்று அங்கத்தவர் தொகுதியாகத் தொடர்ந்தது. கொழும்பு தெற்கு, அக்குறணை, மட்டக்களப்பு, மூதூர் ஆகியவை இரட்டை அங்கத்தவர் தொகுதிகள். அக்குறணையிலிருந்து 1960இல் ஓர் இளைஞர் வந்தார். பெயர் ஏ.சி.எஸ். ஹமீத். 17 வருடம் கழித்து இந்த நாட்டின் வெளிநாட்டமைச்சர். மூதூரில் 1970இல் தெரிவானவர்கள் ஏ.எல். அப்துல் மஜீதும் ஏ. தங்கத்துரையும். ஒரு முஸ்லிம், ஒரு தமிழர்.

இரட்டைத் தொகுதியின் இன்னொரு நன்மை கண்ணுக்குத் தெரியாது. வாக்காளரிடம் இரண்டு வாக்கு இருக்கும்போது, மற்றச் சமூகத்தவரின் வாசலுக்கும் போய் "ஒன்றை உங்கள் ஆளுக்குப் போடுங்கள், மற்றதை எனக்குத் தாருங்கள்" என்று கேட்க முடியும். ஒரே ஆசனத்துக்கு இரண்டு சமூகம் மோதும் இடத்தில் அப்படிக் கேட்க வாய் வராது. மூதூரிலும் மட்டக்களப்பிலும் பிறகு நடந்தவற்றை நினைக்கும்போது இது சின்ன விடயமாகத் தெரியவில்லை.

அப்படியானால் அந்த முறை சிறந்ததா? அதுவும் இல்லை. 151 பேரில் பெரும்பாலானோர் தனித் தொகுதிகளில் வந்தவர்கள். அங்கே அதிக வாக்கு எடுத்தவர் எல்லாவற்றையும் எடுத்தார். அதன் விளைவைப் பாருங்கள்.

1960 ஜூலைத் தேர்தல். ஐக்கிய தேசியக் கட்சிக்கு நூற்றுக்கு 37.6 வாக்கு, 30 ஆசனம். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு நூற்றுக்கு 33.6 வாக்கு, 75 ஆசனம். சுதந்திரக் கட்சி இடதுசாரிகளுடன் போட்டித் தவிர்ப்பு உடன்பாடு செய்து எல்லாத் தொகுதியிலும் கேட்கவில்லை, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும் குறைந்த வாக்குக்கு இரண்டரை மடங்கு ஆசனம். அந்த வெற்றியில் பிரதமரான சிறிமாவோ அம்மையார் அந்தத் தேர்தலில் போட்டியிடவே இல்லை. உலகின் முதல் பெண் பிரதமர் செனற் சபை வழியாகத்தான் பாராளுமன்றத்துக்கு வந்தார்.

1970 மே. ஐக்கிய தேசியக் கட்சிக்கு நூற்றுக்கு 37.9, ஆசனம் 17. சுதந்திரக் கட்சிக்கு 36.9, ஆசனம் 91. சமசமாஜக் கட்சியின் 19, கம்யூனிஸ்ட் கட்சியின் 6 சேர்ந்து ஐக்கிய முன்னணிக்கு 116. பாதிக்குச் சற்றுக் குறைவான வாக்கு, நான்கில் மூன்றுக்கு மேற்பட்ட ஆசனம்.

அந்தப் பலத்தால் 1971 ஒக்டோபரில் செனற் சபையை ஒழித்தார்கள். பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் அரசியல் நிர்ணய சபையாகக் கூடி, 1972 மே 22இல் 119க்கு 16 எனப் புதிய குடியரசு யாப்பை நிறைவேற்றினார்கள். பிரதிநிதிகள் சபை அன்றோடு முடிந்தது, தேசிய அரசுப் பேரவை வந்தது. 29ஆம் பிரிவும் போனது. 1970இல் ஐந்து வருடத்துக்கென வாக்கு வாங்கியவர்கள் புதிய யாப்பின் பலத்தால் 1977 வரை இருந்தார்கள். இவ்வளவும் சட்டப்படி நடந்ததுதான். ஆனால் வாக்கில் இல்லாத பலத்தை ஆசனத்தில் கொடுத்தது தேர்தல் முறை.

1978இல் விகிதாசார முறை வந்தது. முதலில் ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெறாத கட்சிக்கு ஆசனம் இல்லை என்று வைத்தார்கள். சிறிய கட்சிகளின் கழுத்தில் கத்தி. 1988இல் 15ஆவது திருத்தம் அதை நூற்றுக்கு ஐந்தாகக் குறைத்தது. அதற்காக வாதாடியவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்று 225 பேரில் 196 பேர் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். அந்த 196இலும் மாகாணத்துக்கு 4 என்று 36 ஆசனங்கள் வாக்காளர் தொகையைப் பார்க்காமல் ஒதுக்கப்படுகின்றன. சோல்பரியின் சதுர மைல் கணக்கின் பேரப்பிள்ளை அது.

இதெல்லாம் முடிந்த கதை என்று நினைக்க வேண்டாம். தேர்தல் முறையை மாற்ற வேண்டும், தொகுதி முறை திரும்ப வேண்டும் என்ற பேச்சு வந்துகொண்டே இருக்கிறது. மாகாண சபைகளுக்காகக் கீறப்பட்ட புதிய எல்லைகள் 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தன. ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை, எதிராக 139. சமர்ப்பித்த அமைச்சரே எதிராக வாக்களித்தார். சிறுபான்மையினருக்கு ஆசனம் குறையும் என்பது எதிர்ப்புக்கு ஒரு முக்கிய காரணம். அதற்குப் பிறகு மாகாண சபைத் தேர்தல் எத்தனை வருடம் நடக்காமல் கிடந்தது என்பது நாம் பார்த்ததுதான்.

ஒரு நாள் மறுபடியும் எல்லை கீறுவார்கள். அன்று மூன்று கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும். ஆட்களை எண்ணுகிறார்களா, வாக்காளரை எண்ணுகிறார்களா? கலந்து வாழும் இடங்களில் பல அங்கத்தவர் தொகுதி இருக்கிறதா? நமக்குக் கிடைக்கும் ஏற்பாட்டில் யாருடைய ஆசனம் காணாமல் போகிறது? மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் முதல் இரண்டை மட்டும் கேட்டால், 1948இல் விட்ட பிழையைத் திரும்பவும் விடுவோம்.

எல்லை நிர்ணய ஆணைக்குழுக்கள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது வழக்கம். அரசியல்வாதிகள் போய்த் தங்களுக்கு வசதியான கோட்டைச் சொல்லிவிட்டு வருகிறார்கள். நமது ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகமோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ, ஆசிரியர்களாகிய நாமோ ஒரு தேசப்படத்தை விரித்து வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறோமா? பக்கத்துத் தமிழ்க் கிராமத்தோடு, சிங்களக் கிராமத்தோடு பேசி ஒரே மகஜராகக் கொடுத்திருக்கிறோமா?

உங்கள் வீட்டில் 1970 தேர்தலில் வாக்களித்த மூத்தவர்கள் இருந்தால் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். கொழும்பு மத்தி, அக்குறணை, மூதூர், மட்டக்களப்புப் பக்கத்தவர்கள் கட்டாயம் கேளுங்கள். மூன்று புள்ளடியை, இரண்டு புள்ளடியை யாருக்கு எப்படிப் பிரித்தார்கள், வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று. எழுதி வையுங்கள். நமது பாடப் புத்தகத்தில் அது இல்லை.

அந்த மாணவியைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, 89க்கும் 95க்கும் நடுவில் அவள் கையாலேயே எழுதச் சொன்னோம். 84, நாலு தரம் இரண்டு, ஒரு மூன்று. எழுதிவிட்டுத் திரும்பிக் கேட்டாள்: "இது சோதனைக்கு வருமா சேர்?"

வராது மகள். ஆனால் தெரிந்து வைத்துக்கொள்.